ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? 18601116ஐ வைத்து ஒரு தொடக்கம்

டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் 1860 நவம்பர் 16 என்ற தேதியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரோடு, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு வந்து சேர்ந்த நாள் அது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒட்டி எழுதினால் 18601116 என்று ஓர் எண் கிடைக்கும். அதன் வரலாற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே அதை வெறும் முழு எண்ணாக மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு அடியாகப் பார்ப்போம்.

மெட்ரிக்கோடு கணக்குக்கு முழுக்குப் போட்டவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர்கள், சும்மா ஆசைக்குப் படிப்பவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். பேனா, தாள், போனில் உள்ள கால்குலேட்டர் போதும். எட்டு இலக்க எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாலு இலக்கம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், இருபது இலக்கம் என்றால் கையால் ஆகாது. எட்டு இலக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் மடங்கிவிடும்.

முதலில் எழுதும் விதம்

ஊரில் இதை 1,86,01,116 என்று எழுதுவார்கள். ஒரு கோடியே எண்பத்தாறு லட்சத்து ஓராயிரத்து நூற்றுப் பதினாறு. (கடைசியில் நூற்றுப் பதினாறு வருவதைப் பார்த்தால் தெலுங்கு வீட்டார் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது மொய் வைக்கும் தொகை.) தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் மூன்று மூன்றாக இடைவெளி விட்டு 18 601 116 என்று எழுதப் பழக்குகிறார்கள். படிக்க எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப் போடும்போது மூன்று மூன்றாகவே பிரியுங்கள். ஏன் என்பது 7, 11, 13க்கு வரும்போது தெரியும்.

சுலபமான சோதனைகள்

கடைசி இரண்டு இலக்கம் 16. அது 4ஆல் வகுபடும், ஆகவே முழு எண்ணும் 4ஆல் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் 116. அது 8ஆல் வகுபடாது, ஆகவே எண்ணும் வகுபடாது. 2இன் கதை இதோடு முடிந்தது: இரண்டே முறைதான் வரும்.

அடுத்தது இலக்கங்களின் கூட்டல். 1+8+6+0+1+1+1+6 = 24. இந்த இடத்தில் நம் ஆட்கள் பாதிப் பேர் 2+4 = 6, சுக்கிரன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இலக்கக் கூட்டலுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு, அது சுக்கிரனைப் பற்றியதில்லை. 6 லட்சம் என்பது 6 × 99999 கூட்டல் 6. அந்த 99999 எப்படியும் 9ஆல் போய்விடும், மிஞ்சுவது 6 மட்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் இதே கதைதான். ஆகவே முழு எண்ணை 9ஆல் வகுத்தால் என்ன மீதியோ, இலக்கக் கூட்டலை வகுத்தாலும் அதே மீதி. 24ஐ 9ஆல் வகுத்தால் 6 மீதி, அதனால் 9 கிடையாது. 24 மூன்றால் வகுபடும், அதனால் 3 உண்டு, ஒரே ஒரு முறை.

4ம் 3ம் சேர்ந்து 12. அதால் வகுத்துவிடுங்கள்.

18601116 ÷ 12 = 1550093

இனி இந்தச் சின்ன எண்ணோடுதான் வேலை. பெரிய எண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டாம்.

7, 11, 13 மூன்றும் ஒரே அடியில்

7 × 11 × 13 = 1001. ஆயிரத்துக்கு ஒன்றுதான் கூடுதல். அதனால் மூன்று மூன்றாகப் பிரித்த துண்டுகளை வலப்பக்கத்திலிருந்து கூட்டி, கழித்து, கூட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால் மூன்று சோதனைகளும் ஒன்றாக முடிந்துவிடும். 1 550 093இல் 93 − 550 + 1 = −456. குறியை விடுங்கள், 456 போதும். 455 ஆக இருந்தால் 7, 13 இரண்டாலும் போயிருக்கும். ஒன்று அதிகமாகிவிட்டது. 11ஆல் வகுத்தால் 5 மீதி. மூன்றும் இல்லை.

இப்போதுதான் பொறுமை

இதற்குமேல் குறுக்குவழி தேடாமல் 17, 19, 23, 29, 31 என்று பகா எண்களை வரிசையாகப் போட்டு வகுக்க வேண்டும். எதுவரை? எண்ணின் வர்க்கமூலம் வரை. 1245இன் வர்க்கம் 1550025, நம் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவு. 1550093 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அந்த இரண்டில் சின்னது 1245ஐத் தாண்ட முடியாது. 1245 வரை 203 பகா எண்கள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் புதிதாக வருபவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். ஒரு காரணி மாட்டினால் போதும், எல்லை சட்டென்று சுருங்கும்.

17ஆல் வகுத்தால் மீதி 16. 19ஆல் வகுத்தாலும் 16. 23க்கு 8, 29க்கு 14. அப்புறம் 31.

31க்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது: கடைசி இலக்கத்தை மூன்றால் பெருக்கி, அந்தக் கடைசி இலக்கத்தை நீக்கிய எண்ணிலிருந்து கழியுங்கள். 1550093இல் கடைசி 3, மும்மடங்கு 9. 155009 − 9 = 155000. 155 என்பது 31 × 5. கிடைத்துவிட்டது.

1550093 ÷ 31 = 50003

பலர் இங்கேதான் அவசரப்படுவார்கள், 31ஐ முடித்துவிட்டோம் என்று 37க்குத் தாவிவிடுவார்கள். கிடைத்த காரணியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். 50003: 5000 − 9 = 4991. 499 − 3 = 496. 49 − 18 = 31. திரும்பவும் 31! சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் போட்டுக் காட்டினால், தூங்கிக்கொண்டிருப்பவர்களும் இந்த இரண்டாவது 31இல் நிமிர்ந்து உட்காருவார்கள். நடுவில் வந்துபோன 496ஐயும் கவனியுங்கள். அதன் வகுத்திகளில் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கூட்டினால் 496ஏ வரும். 6, 28, 496, 8128 என்று கிரேக்கர் காலத்திலேயே தெரிந்திருந்த நிறைவெண்களில் மூன்றாவது. வழியில் பார்த்த முகம்தான், நம் எண்ணுக்கு உறவு இல்லை.

50003 ÷ 31 = 1613

எல்லை சுருங்கியதைப் பாருங்கள். 1550093க்கு 203 பகா எண்கள். 50003க்கு 223 வரை போனால் போதும், 48. 1613க்கு 40 வரை போதும், பன்னிரண்டே. அந்தப் பன்னிரண்டில் 29 வரை ஏற்கெனவே கழித்தாயிற்று. 31ஐ மூன்றாம் முறை போட்டால் 1 மீதி, 37ஐப் போட்டால் 22 மீதி. ஆகவே 1613 பகா எண்.

18601116 = 2² × 3 × 31² × 1613

சரிபார்க்க ஒன்பதின் சோதனை போதும். 2² × 3 × 31² = 11532, அதன் இலக்கக் கூட்டல் 12, பிறகு 3. 1613க்கு 11, பிறகு 2. 3 × 2 = 6. மேலே 24இலிருந்து வந்ததும் 6. இது பொருந்தாவிட்டால் கட்டாயம் தப்பு. பொருந்தினாலும் சரி என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால் கடைசியில் ஒருமுறை பெருக்கியும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஒரு வரி கையில் இருந்தால்

எண்ணை இனித் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு வரியே பதில் சொல்லும். எண்ணின் தோற்றத்திலோ, அது எந்தத் தேதி என்பதிலோ இவை எதுவும் தெரியாது.

எத்தனை வகுத்திகள்? 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம்: மூன்று வழி. 3க்கு இரண்டு வழி, 31க்கு மூன்று, 1613க்கு இரண்டு. 3 × 2 × 3 × 2 = 36. பட்டியல் போடுவதும் எளிது. 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. அந்த ஆறையும் 31ஆல் பெருக்கினால் 31, 62, 93, 124, 186, 372. மறுபடி 31ஆல் பெருக்கினால் 961, 1922, 2883, 3844, 5766, 11532. இந்தப் பதினெட்டையும் 1613ஆல் பெருக்க மீதிப் பதினெட்டு. இவற்றில் நடுவே நெருங்கி நிற்கும் ஜோடி 3844 × 4839. எண்ணைச் சதுரத்துக்கு எவ்வளவு நெருக்கமான செவ்வகமாக அடுக்க முடியும் என்று யாராவது கேட்டால் அதுதான் விடை.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு (1+2+4) × (1+3) × (1+31+961) × (1+1613) என்று பெருக்குங்கள்: 44875656. எண்ணையே கழித்தால் 26274540, எண்ணைவிட அதிகம். ஆகவே இது மிகை எண். இதற்கு இவ்வளவு கணக்குக்கூடத் தேவையில்லை. 6ஐத் தவிர 6இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள்தான்.

வர்க்க எண்ணா? 3ம் 1613ம் ஒற்றைப்படையாக ஒருமுறைதான் வருகின்றன, ஆகவே இல்லை. அந்த இரண்டையும் இன்னொரு முறை சேர்த்துக் கொடுத்தால், அதாவது 4839ஆல் பெருக்கினால், வர்க்கமாகிவிடும். 300018இன் வர்க்கம்.

வர்க்கங்களின் கூட்டல்

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? ஃபெர்மா 1640இல் எழுதிவைத்து, நூறு வருடம் கழித்து ஆய்லர் நிரூபித்த வழியில் வரும் விதி இது: 4ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வரவேண்டும். 31ஐ 4ஆல் வகுத்தால் 3 மீதி, ஆனால் அது இருமுறை வருகிறது, தொந்தரவில்லை. 1613க்கு மீதி 1, நல்ல பிள்ளை. 38² + 13² = 1444 + 169 = 1613 என்று உடனே பிரிந்தும் காட்டும். கெடுப்பது அந்த ஒற்றை 3. அது இருக்கும்வரை 18601116 இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. 3ஐ வெளியே தள்ளிப் பாருங்கள்: 6200372 = 2356² + 806². 62ஐ 38ஆலும் 13ஆலும் பெருக்கியதுதான் அந்த இரண்டும்.

சரி, மூன்று வர்க்கம்? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லெஜாந்தர் கொடுத்த விதி: 4ஆல் வகுக்க முடிகிறவரை வகுத்துவிட்டு, மிஞ்சியதை 8ஆல் வகுங்கள். 7 மீதி வந்தால் முடியாது, வேறு எது வந்தாலும் முடியும். 18601116 ÷ 4 = 4650279. இதன் கடைசி மூன்று இலக்கம் 279. 8 × 34 = 272, மீதி 7. முடியாது! ஆறு எண்ணுக்கு ஓர் எண்தான் இந்தச் சிக்கலில் மாட்டும், நம் எண் அதில் ஒன்று.

நான்கு வர்க்கம் என்றால் எந்த எண்ணுக்கும் முடியும். 1770இல் லக்ராஞ்ச் நிரூபித்தார். கண்டுபிடிப்பதற்கும் காரணிகளே கைகொடுக்கும். எண் 62² × 4839. 62ஐ ஓரமாக வைத்துவிட்டு 4839ஐ மட்டும் பிரியுங்கள்: 69² = 4761, மீதி 78. 78 = 49 + 25 + 4. ஆகவே 4839 = 69² + 7² + 5² + 2². ஒவ்வொன்றையும் 62ஆல் பெருக்கினால்:

18601116 = 4278² + 434² + 310² + 124²

கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். இராமானுஜன் என்றதும் எல்லாரும் 1729ஐ மட்டும் சொல்கிறார்கள். அவர் இந்த நான்கு வர்க்கக் கேள்வியையும் தொட்டிருக்கிறார். வர்க்கங்களுக்கு முன்னால் சின்னப் பெருக்கெண்களைப் போட்டாலும் எல்லா எண்ணும் வருமா என்று கேட்டு, 1917இல் 55 வடிவங்களைப் பட்டியல் போட்டார். அதில் ஒன்று தவறியது: 1, 2, 5, 5 என்று பெருக்கெண் போட்டால் 15 மட்டும் வராது. அதை நீங்களே தாளில் சோதிக்கலாம், கால் மணி நேர வேலைகூட இல்லை. மீதி 54ம் சரி.

அடையாள எண்ணின் கடைசி இலக்கம்

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். நாம் கப்பல் தேதியை ஒட்டிய அதே மாதிரிதான். பழைய எண்களுக்குள் இனப்பிரிவும் ஒளிந்திருந்தது, 1980களில் அதை எடுத்துவிட்டார்கள். கடைசி இலக்கம் பிழை பிடிப்பதற்கு. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது.

நம் எண்ணுக்கே போட்டுப் பார்ப்போம். வலக்கோடியிலிருந்து ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கத்தை இரட்டியுங்கள், இரட்டித்தது ஈரிலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டுங்கள். 6 → 12 → 3. அடுத்த 1 அப்படியே. 1 → 2. 1 அப்படியே. 0 → 0. 6 அப்படியே. 8 → 16 → 7. 1 அப்படியே. மொத்தம் 21. அடுத்த பத்தின் மடங்கு 30, அதற்கு 9 தேவை. ஆகவே 186011169. ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் மாட்டும், 09 என்பது 90 ஆனால் மட்டும் தப்பிவிடும். உங்கள் சொந்த அடையாள எண்ணில் முயன்றால் பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் எண்

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஓர் எண் உண்டு. பூட்டனையோ பூட்டியையோ தேடிய குடும்பங்களிடம் அது இருக்கும். பெரும்பாலும் ஐந்து, ஆறு இலக்கம்தான், பழக ஏற்ற அளவு. பிறந்த தேதியை ஒட்டி எழுதியும் தொடங்கலாம். தேதி 5இலோ இரட்டைப்படையிலோ முடிந்தால் முதல் அடி இலவசம்.

பத்து, பன்னிரண்டு இலக்கம் போனால் கையால் மல்லுக்கட்டாதீர்கள். லினக்ஸ் கணினியில் ஃபேக்டர் என்று ஒரு கட்டளை உண்டு. எண்ணைக் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் காரணிகள் வந்து நிற்கும். ஆனால் கணினிக்கும் எல்லை இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வைத்த 250 இலக்க எண் ஒன்றை உடைத்தது 2020இல்தான். அதற்கே உலகத்தின் பல இடங்களில் கணினிகள் மாதக்கணக்கில் ஓடின. வங்கி இணையத்தளங்களின் பூட்டுகளில் பல இந்தச் சிரமத்தை நம்பித்தான் நிற்கின்றன. பகா எண் என்று தெரிந்தவற்றில் மிகப் பெரியது, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபடி, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கும் மேல். அதன் வடிவம் மட்டும் சின்னது: 2ஐ 136279841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது. நம் 31ம் அதே குடும்பம்தான், 2ஐ ஐந்து முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது.

பழகிப் பார்க்க இரண்டு எண்கள் தருகிறேன். முதலாவது 46664. 1964ஆம் ஆண்டில் ராபன் தீவுச் சிறையின் 466ஆவது கைதியாக மண்டேலா சுமந்த எண். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. இப்படிப்பட்ட எண்ணுக்கு இரட்டைப்படையில் இலக்கங்கள் இருந்தால் 11 கட்டாயம் காரணி. இதற்கு ஐந்து இலக்கம் என்பதால் அந்தச் சலுகை இல்லை. விடை 2³ × 19 × 307. இரண்டு வர்க்கமாகப் பிரியாது, 19ம் 307ம் குறுக்கே நிற்கின்றன. மூன்று வர்க்கமாகப் பிரியுமா என்பதை நீங்கள் பாருங்கள்.

இரண்டாவது 152184. 1860இலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் மொத்தம். 8ஆல் வகுபடும், 3ஆலும் வகுபடும். மிஞ்சுவது நாலு இலக்கம். 7, 11, 13 ஒன்றும் போகாது, அதற்கு அடுத்த பகா எண்ணில் மாட்டும். 32 வகுத்திகள் வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.